சாக மறுத்த படை

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் மூவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொள்வதைவிட, உன் கையெழுத்தில் படித்து நம்பவே விருப்பம்.

செட்டுக்குள் நுழையும்போதே ஃபோனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், தங்கும் இடத்தில் சிக்னலும் இல்லை, சனிக்கிழமை கம்பெனி வேனில்தான் கடிதம் போகும் என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஃபோனில் பேசினால் வைத்ததும் தீர்ந்துவிடும். கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

பள்ளி நூலகத்திலிருந்து பழங்காலப் போர்களைப் பற்றி மூன்று புத்தகங்கள் எடுத்திருக்கிறேன். ஒன்றில் வரைபடங்கள் மட்டுமே நாற்பது பக்கம். ஆனால் பொய்ப் போரை நடத்துவது எப்படி என்று எதிலும் இல்லை. எவ்வளவு பேர்? கத்தி நிஜமா? விழுகிறவர்களுக்கு அடிபடாதா? யார் முதலில் சாக வேண்டும் என்பதை யார் முடிவு செய்வார்கள்? மீதிக் கேள்விகள் பின்பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன.

அம்மா மாடி வீட்டு ஆன்ட்டியிடம், "என் பெரிய பொண்ணு சினிமாவுல சண்டை போட வைக்கிறா" என்று பெருமையாகச் சொன்னாள். அவர், "ஏன், வீட்ல போட்ட சண்டை பத்தலையாமா?" என்று கேட்டுவிட்டார். அம்மா இரண்டு நாளாக அவரோடு பேசவில்லை.

அப்பா நலம். நேற்று ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பழுதாகி, ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை

ஜூன் 29

அன்புள்ள பெரிய மனுஷிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூக்கு மட்டும் வெயிலில் கறுத்து யாரோ ஒருத்தருடைய மூக்கு மாதிரி இருக்கிறது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி?

பதினான்கு கேள்வி கேட்டிருக்கிறாய். வாத்தியார் வேலைக்குப் போ, நன்றாக வருவாய்.

இரண்டு நாடுகள் ஒரு சிறகு முளைத்த யானைக்காகச் சண்டை போடுவதுதான் கதை. யானையைப் பிறகு கம்ப்யூட்டரில் வரைவார்கள். இங்கே இருப்பது, நீளக் கழியின் நுனியில் ஒரு டென்னிஸ் பந்து. பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். படை முழுவதும் அந்தப் பந்தைப் பார்த்து நடுங்க வேண்டும். முதல் நாள் ஒருவர், "பந்துக்கே நடுங்கிட்டா வீட்டுக்குப் போய் பொண்டாட்டியப் பாத்து என்னப்பா பண்றது?" என்று கேட்க, படையே சிரித்து ஷாட் போனது.

நான் நான்காவது உதவி இயக்குநர். என் பொறுப்பில் முந்நூற்று எண்பது துணை நடிகர்கள். இரண்டு படைகளும் இவர்களேதான். காலையில் முகத்தில் கரி பூசி ஒரு நாடு, மதியம் செம்புக் கவசம் மாட்டி எதிரி நாடு. கம்ப்யூட்டரில் ஒட்டும்போது ஒவ்வொருவரும் தன்னோடேயே சண்டை போடுவார்.

பிரச்சினை என்னவென்றால், யாரும் சாக மாட்டேன் என்கிறார்கள். நேற்று ஒருவர் கோடரியால் இரண்டு வெட்டு, ஈட்டியால் ஒரு குத்து வாங்கிக்கொண்டு மீசையைச் சரிசெய்தபடி நடந்தார். டைரக்டர் மைக்கில் கத்தினார்: "யோவ், நீ செத்துட்டய்யா!" அவர் திரும்பிக் கத்தினார்: "இல்ல சார், லேசான காயந்தான்!"

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கேமராவில் செத்த முகம் மறுநாள் நிற்கக் கூடாது என்று, செத்தவரை மறுநாள் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. பிறகு எவன் சாவான்?

இரண்டு வாரத்துக்குள் இதை நான் சரிசெய்யாவிட்டால் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போர் முழுவதையும் கம்ப்யூட்டரில் செய்துகொள்வதாக டைரக்டர் சொல்லிவிட்டார். கூட்டம் போனால் நானும் போக வேண்டியதுதான். குடிநீர் வாரிய வேலையை ராஜினாமா செய்த அன்று அப்பா, "ஆறு மாசத்துல திரும்பி வருவே" என்றாரே. அவர் சொன்னது பலிக்க நான் விடப்போவதில்லை.

அவர் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? எழுது.

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவின் முழங்காலுக்குப் புதுத் தைலம் வந்திருக்கிறது. வீடே அதன் வாசனையில் இருக்கிறது.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். "லேசான காயந்தான்" வந்தபோது அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நான் நூலகப் பொறுப்பாளர் என்பது உனக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் ஐந்து பேருக்கு ஒரே புத்தகம்தான் வேண்டும், பேய்க் கதை. அடிதடி ஆனது. நான் ஒன்று முதல் ஐந்து வரை டோக்கன் போட்டேன். இந்த வாரம் ஒன்றாம் எண், அடுத்த வாரம் இரண்டு. தன் முறை வரும் என்று தெரிந்ததும் யாரும் சண்டை போடவில்லை. உன் படைக்கும் அப்படிச் செய்தால் என்ன? சாவதற்கு முறை வைத்துவிடு. கரி பூசி இன்று செத்தவர், நாளைக்கு முகம் மூடிய தலைக்கவசம் போட்டுப் பின்வரிசையில் நிற்கட்டும். வேலை போகாது என்றால் சாவார்கள் என்று நினைக்கிறேன்.

சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடு.

அப்பா நலம். இருமல் குறைந்திருக்கிறது.

உன் தங்கை

ஜூலை 27

அன்புள்ள பெரிய மனுஷிக்கு,

நான் நலம், முன்பைவிடப் பத்து மடங்கு நலம். ஏனென்றால் படை சாகிறது!

உன் யோசனையை ஃபைட் மாஸ்டரிடம் சொன்னேன். முதலில் முறைத்தார். பிறகு அவரே தகரத்தில் இருநூறு வில்லைகள் வெட்டச் சொன்னார். முரசு ஐந்து முறை ஒலிக்கும். முதல் அடிக்கு ஒன்றாம் எண் வில்லை வைத்திருக்கும் நாற்பது பேர் விழுவார்கள், இரண்டாம் அடிக்கு இரண்டாம் எண். ஐந்து அடியில் இருநூறு பேர் காலி. மறுநாள் வில்லைகள் கை மாறும். யாருக்கும் வேலை போகவில்லை.

என்னை இப்போது "எமன் மேடம்" என்கிறார்கள். "எமன் மேடம், இன்னைக்கு எனக்கு எத்தனாவது சாவு?" என்று கேட்டுக்கொண்டே டீ குடிக்கிறார்கள். இவர்களில் மூத்தவருக்கு "மகாராஜா" என்று பட்டப்பெயர். இருபது வருடமாக ராஜா வேஷத்துக்குக் காத்திருக்கிறாராம், இன்னும் காவலாளியைத் தாண்டவில்லை. விழுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. விழுந்த பிறகும் ஒரு காலை மெல்ல உதறுவார்.

அடுத்து பெரிய ஓட்டம். மேட்டின் உச்சியிலிருந்து முந்நூற்று எண்பது பேரும் ஒரே மூச்சில் கீழே ஓடி வர வேண்டும், இடையில் இருநூறு பேர் விழ வேண்டும், எல்லாம் ஒரே ஷாட். ஆகஸ்ட் நடுவில் ஒத்திகை.

நான் கேட்டதற்குப் பதில் எழுத மறந்துவிட்டாயா?

அக்கா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம்.

என் யோசனை ஒரு சினிமாவில் நடந்திருக்கிறது! நூலக ஆசிரியையிடம் சொன்னேன். "பேய்க் கதைக்கு இப்படி ஒரு நன்மையா?" என்றார். அம்மா உன் கடிதத்தை மாடி வீட்டு ஆன்ட்டிக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினாள். பேச்சு மறுபடி ஆரம்பித்துவிட்டது.

மறக்கவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஒத்திகை எப்படிப் போனது என்று ஒன்றுவிடாமல் எழுது.

உன் தங்கை

ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மூன்று சனிக்கிழமைகளாக வேன்காரர் கையை விரிக்கிறார். "உங்க அக்காவா? பிஸிம்மா" என்கிறார், என் முகத்தைப் பார்க்காமல். அம்மா சனிக்கிழமைகளில் வாசலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து காய் நறுக்குகிறாள்.

இரண்டு வரி போதும்.

உன் தங்கை

செப்டம்பர் 7

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். இங்கே எல்லோரும் நலம். வேலை அதிகமாக இருப்பதால் நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். ஓட்டத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். கவலைப்பட எதுவும் இல்லை. நான் நலமாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்.

அக்கா

செப்டம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டு, தனியாக உட்கார்ந்து நான்கு தடவை படித்தேன். ஆறு வாக்கியக் கடிதத்தில் மூன்று "நலம்". மூன்று தடவை சொல்கிறவர்கள் நலமாக இருப்பதில்லை. என்னை நீ கிண்டல் செய்யவில்லை. "பெரிய மனுஷி" எங்கே? கடைசியில் "அக்கா" என்பதை மட்டும் நீ எழுதியிருக்கிறாய். அது ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதியது போல் இருக்கிறது. உன் வலது கைக்கு என்ன ஆயிற்று?

எனக்குப் பதினான்கு வயது. அழுவேன், ஆனால் தாங்குவேன். உண்மையை எழுது.

உன் தங்கை

செப்டம்பர் 28

அன்புள்ள பெரிய மனுஷிக்கு,

இதை இடது கையால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. கண்டுபிடித்துவிட்டாய், வாழ்க.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி ஒத்திகை. இரண்டு அடி வரை அழகாகப் போனது. மூன்றாவது முரசு ஒலித்ததும் நாற்பது பேர் விழுந்தார்கள். ஆனால் அங்கங்கே அல்ல, முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில், குவியலாக. பின்னால் ஓடி வந்தவர்களுக்கு ஒதுங்க வழியில்லை. மேட்டில் வேகம், கையில் கேடயம். ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்தார்கள். நான் நடுவில் புகுந்து அடியில் இருந்தவரை இழுத்தேன். என் மேலும் யாரோ விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. அடியில் இருந்தவர் மகாராஜா. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு. பதினொரு பேருக்குத் தையல்.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு விசாரித்தேன். வில்லைகளை அவர்களுக்குள் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். செத்த பிறகு ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும் இல்லையா? பக்கத்தில் தெரிந்தவன் கிடந்தால் உதடு அசையாமல் பேசிக்கொண்டிருக்கலாமாம். அண்ணன், தம்பி, மச்சான், ஒரே அறைக்காரர்கள் எல்லாம் மூன்றாம் எண் வாங்கிக்கொண்டு ஒன்றாகச் செத்திருக்கிறார்கள்.

நீ உடனே "என் யோசனையால்தான்" என்று ஆரம்பிப்பாய். ஆரம்பிக்காதே. நீ முறை வைக்கச் சொன்னாய். யார் எங்கே விழுகிறார் என்று பார்க்க வேண்டியது என் வேலை. பார்க்கவில்லை.

கம்பெனிக்காரர்கள் ஓட்டமே வேண்டாம் என்றார்கள். டைரக்டரிடம் போய், "சார், ஒரே ஒரு ஒத்திகை, ஒரே ஒரு டேக். ஒருத்தருக்குச் சிராய்ப்பு வந்தாலும் நானே பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பறேன்" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் மாஸ்டர், "நானும் கிளம்பறேன்" என்றார். அக்டோபர் பத்தொன்பது என்று தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இந்தத் தடவை எண் ஆளுக்கு இல்லை, இடத்துக்கு. மேடு முழுவதும் சுண்ணாம்புக் கோடு போட்டு இருநூறு கட்டங்கள் வரைகிறேன். அவரவர் கட்டத்தில்தான் விழ வேண்டும். நடுவே பின்வரிசை ஓட ஆறு பாதைகள். யாருக்கு யார் பக்கத்தில் கிடக்க ஆசை என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிக்கொண்டேன். பக்கத்திலேயே போட்டிருக்கிறேன், நான்கடி தள்ளி. பேசிக்கொள்ளட்டும். வரைபடத்தின் நகல் இதோடு இருக்கிறது. நீ நாற்பது பக்க வரைபடம் பார்த்தவள், தப்பு இருந்தால் சொல்.

அம்மாவிடம் மெதுவாகச் சொல். அப்பாவிடம் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா

அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

கை வலி குறைந்திருக்கிறதா? அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "தலையை யாரு வாரி விடறாங்களாம்?" அதற்கும் பதில் எழுது.

அழுதேன். பிறகு தாங்கினேன். நீ ஆரம்பிக்காதே என்றதால் ஆரம்பிக்கவில்லை.

நீ உண்மையைச் சொன்னாய். நானும் சொல்ல வேண்டும். ஜூனிலிருந்து நீ கேட்ட கேள்வியை நான் மறக்கவே இல்லை. அப்பா உன்னைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. உன் பெயரையும் சொல்லவில்லை. கூடத்தில் உன் கடிதத்தைப் படிக்கத் தொடங்கினால் எழுந்து உள்ளே போய்விடுவார். அதனால்தான் இருமலையும் லிஃப்டையும் எழுதிக்கொண்டிருந்தேன். பொய் எழுதவில்லை, ஆனால் அதுவும் பொய் மாதிரிதான்.

விபத்துக் கடிதத்தைப் படித்தபோது அவர் உள்ளறையில் ஏதோ மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்பானர் சத்தம் நின்றது. நான் படித்து முடித்து ரொம்ப நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது. வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

இனி வரைபடம். பழைய நோட்டு அட்டைகளை வெட்டி முந்நூற்று எண்பது துண்டுகள் செய்து, சாப்பாட்டு மேசையில் உன் மேட்டை அப்படியே பரப்பினேன். ஒவ்வொரு முரசுக்கும் விழுகிறவர்களைக் கவிழ்த்து, மற்றவர்களை நகர்த்தினேன். நான்காவது முரசுக்கு இடது ஓரத்தில் விழுகிற ஏழு பேர் ஆறாவது பாதையைப் பாதி அடைக்கிறார்கள். இரண்டு தடவை செய்து பார்த்தேன், இரண்டு தடவையும் அடைத்தது. நீ வரைந்தது நிற்கிற ஆளின் அளவுக்கு. விழுந்த ஆள் நீளமாகக் கிடப்பார் அல்லவா? அந்த ஏழு கட்டங்களையும் மூன்றடி வலப்பக்கம் தள்ளு.

இரண்டு நாள் மேசையில் படை இருந்தது. அம்மாவும் நானும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் நாள் அப்பா வேலை முடிந்து வந்து மேசையைப் பார்த்தார். ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றபடியே சாப்பிட்டார். பார்வை மட்டும் மேசையில் இருந்தது.

பத்தொன்பதாம் தேதி எனக்குக் கணக்குத் தேர்வு. நானும் தோற்க மாட்டேன்.

உன் தங்கை

அக்டோபர் 20

அன்புள்ள பெரிய மனுஷிக்கு,

காஸ்ட்யூம் அக்காதான் தலை வாரி விடுகிறார், போருக்குப் போகிற குதிரைக்கு வாருகிற மாதிரி. கை தேறிவருகிறது.

ஏழு கட்டங்களையும் மூன்றடி தள்ளினேன். மாஸ்டர் வந்து பார்த்து, "யாரு சொன்னது?" என்றார். "என் தங்கச்சி." "என்ன படிக்குது?" "ஒம்பதாவது." "படிச்சு முடிச்சதும் அனுப்பி வை."

ஒத்திகையில் எல்லோரையும் நடக்க மட்டும் விட்டேன். பிறகு வேகநடை. பிறகு ஓட்டம். டேக்குக்கு முன்னால் மைக்கை வாங்கிச் சொன்னேன்: "கட் சொன்னதும் யாரும் கை தட்டக் கூடாது. செத்தவங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னு, எண்ணி முடிச்ச பிறகுதான் ஷாட் முடிஞ்சதா அர்த்தம்." எண்ணும் வேலை மகாராஜாவுக்கு. காலில் கட்டோடு உயரமான நாற்காலியில் உட்கார்த்தி, கையில் ஒலிபெருக்கி கொடுத்தோம். "கடைசில எனக்கு ஒரு சிம்மாசனம் கெடச்சிருச்சு பாத்தியா" என்றார்.

முரசு ஒலித்தது. முந்நூற்று எண்பது பேர் ஓடி இறங்கினால் மண் எப்படி அதிரும் என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது அடி. நாற்பது பேர் நாற்பது கட்டத்தில் விழுந்தார்கள். பின்வரிசை அவர்களுக்கு நடுவில் தண்ணீர் மாதிரி பிரிந்து ஓடியது. நான்கு. இடது ஓரம் திறந்திருந்தது. ஐந்து. கட்.

யாரும் கை தட்டவில்லை. "செத்தவங்கல்லாம் எந்திரிங்கப்பா, வரிசையா" என்றார் மகாராஜா. ஒவ்வொருவராக எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு கையைத் தூக்கினார்கள். அவர் எண்ணி முடித்து, மறுபடி எண்ணி, என்னைப் பார்த்தார். "நூத்தித் தொண்ணூத்தி ஒம்போதும்மா."

இருநூறு பேர் விழுந்தார்கள். ஒருவர் எழவில்லை.

நான் மேட்டில் ஏறி ஓடினேன். மாஸ்டர் இன்னொரு பக்கம் ஓடினார். ஒவ்வொரு கேடயமாகப் புரட்டினேன். நூற்று முப்பத்தேழாவது கட்டத்தில் ஒருவர் முகத்தை மூடியபடி அசையாமல் கிடந்தார். கேடயத்தைத் தூக்கினேன். குறட்டை.

ஓட்டம் முடியும் வரை கிடந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்! தோளைப் பிடித்து உலுக்கி, "கட் சொன்னது கேக்கலையா?" என்று கத்தினேன். கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "செத்தவனுக்கு எப்படிம்மா கேக்கும்?"

இருநூறு. ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதற்கப்புறம் தட்டினார்கள் பார், கை. டைரக்டர் மாலையில் அடுத்த போரின் காகிதங்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதில் அறுநூறு பேர்.

அப்பாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. தெரியாமல் இருந்ததைவிட இது தேவலை. என் வேலையை நான் செய்கிறேன், அவர் பேசுகிறபோது பேசட்டும்.

தேர்வு எப்படி?

அக்கா

அக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், எல்லோரும். கணக்கில் தொண்ணூற்றொன்று. ஒரு கூட்டலில் கவனக்குறைவு.

உன் கடிதத்தை நேற்று மாலை கூடத்தில் படித்தேன். அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பா வழக்கம் போல எழுந்து உள்ளே போனார். "நூத்தித் தொண்ணூத்தி ஒம்போதும்மா" என்று படித்து, "ஒருவர் எழவில்லை" என்று படித்தேன். அங்கே பக்கம் முடிந்துவிட்டது. நீ இடது கையால் எழுதியதில் தாள்கள் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வாசற்படியில் வந்து நின்றார். கையில் ஸ்பானர்.

"அந்த இன்னொருத்தன் எங்கே?" என்றார்.

என் நகத்துக்குத் தாள் இன்னும் பிரியவில்லை. அம்மா தாளை வாங்கிப் பிரித்து என் கையில் கொடுத்தாள். மீதியைப் படித்தேன். குறட்டை வந்ததும் அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எண்ணச் சொன்னது அவளா?"

"ஆமாம்ப்பா."

"முதல்லேர்ந்து படி."

"இந்தக் கடிதத்தையா?"

"ஜூன்லேர்ந்து."

எல்லாவற்றையும் படித்தேன். உன் மணிக்கட்டு முறிந்த இடத்தில் ஒரு தடவை நிறுத்தச் சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

உனக்கு எழுதப்போகிறேன் என்று இன்று காலை சொன்னேன். பக்கத்தை முழுதும் நிரப்பிவிடாதே, கீழே தனக்குக் கொஞ்சம் இடம் விடு என்றார். அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் தங்கை